சாவி கொடுத்த மறுநாள்

வீடில்லாதவர்களுக்கு வீடு தேடித் தரும் தொண்டு அமைப்புகளின் நிர்வாகக் குழுவினருக்கும், அந்த வேலைக்குப் பணம் தரும் நன்கொடையாளர்களுக்கும்,

வணக்கம்.

சாவி கொடுக்கும் நாளில் நீங்கள் தவறாமல் வருகிறீர்கள். புதிதாக வெள்ளையடித்த அறை, மடிப்புக் கலையாத போர்வை, கையில் சாவியோடு கூச்சப்பட்டு நிற்கும் மனிதர், பக்கத்தில் நீங்கள். ஆண்டறிக்கையின் அட்டைக்கு அந்தப் படம்தான் போகிறது. அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அது நிஜமாகவே சந்தோஷமான நாள். பல முறை நானே அந்தப் படத்தை எடுத்திருக்கிறேன். நான் பேச வந்தது அதற்கு மறுநாளைப் பற்றி. மறுநாள் காலையில் அந்தக் கதவை யார் தட்டப் போகிறார்கள்? அடுத்த வாரம் யார்? ஆறாவது மாதம் யார்? நான் பார்த்த எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இதற்கென்று ஒரு வரி இருந்ததில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

14 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள் வீடில்லாதவர்கள் இரவில் தங்கும் ஒரு காப்பகத்தில் தொண்டனாக, அப்புறம் சம்பளத்துக்குக் களப்பணியாளனாக. இதற்குள் மூன்று அமைப்புகளில் வேலை பார்த்துவிட்டேன். நல்ல மனிதர்களைத்தான் எங்கும் பார்த்தேன். இதில் சொல்லப்போகும் தவறு எந்தத் தனி மனிதருடைய கெட்ட எண்ணத்தாலும் நடந்ததில்லை. பணம் எதற்கு ஒதுக்கப்படுகிறது, எதற்கு ஒதுக்கப்படுவதில்லை என்கிற இடத்தில் நடந்தது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அறுபதை நெருங்கியவர். பதினோரு வருடம் வெளியில் படுத்தவர். எங்கள் அமைப்பு அவருக்கு ஓர் அறை பார்த்தது, முன்பணம் கட்டியது, கட்டில் போட்டது. முதல் இரவு அவர் கட்டிலில் படுக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் தரையில், செருப்பைக் கழற்றாமல் படுத்திருக்கிறார். வெளியில் தூங்கிப் பழகியவர்களுக்குச் செருப்பைக் கழற்றினால் காலையில் அது இருக்காது என்று உடம்புக்கே தெரியும். நான்கு சுவருக்குள் வந்துவிட்டோம் என்று சொன்னால் மனசு கேட்டுக்கொள்ளும், உடம்பு கேட்பதற்கு நாளாகும். நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்றாவது முறை கட்டிலின் மேல் அவருடைய பை இருந்தது. அவர் இன்னும் தரையில்தான். ஆனால் பையைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் கீழே வைக்கிறாரே என்று எனக்குப் பெரிய நிம்மதி.

அதோடு திட்டத்தின் பணம் முடிந்தது. குடியமர்த்துவது வரைக்கும்தான் நிதி. என்னை வேறு வேலைக்கு மாற்றினார்கள். ஐந்து வாரம் கழித்து அவரைப் பழைய இடத்திலேயே பார்த்தேன். அறை பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பிடித்ததாம். அப்புறம் ஏன்? கதவுக்குக் கீழே ஒரு கடிதம் வந்து விழுந்ததாம். காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அசிங்கப்படுவதற்கு முன்னால் நாமே கிளம்பிவிடலாம் என்று கிளம்பிவிட்டார். நான் அந்த அறைக்குப் போய்க் கடிதத்தை எடுத்துப் பிரித்துப் படித்தேன். மின்சார மீட்டரைச் சரிபார்க்க ஆள் வருவார், அந்தத் தேதியில் வீட்டில் இருங்கள் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில் அதற்கு முன் வந்த கடிதம் எல்லாம் காலி செய்யச் சொன்ன கடிதம்தான். இதை மட்டும் அவர் எப்படி வேறுமாதிரி நினைப்பார்?

பத்து நிமிட வேலை அது. யாராவது போயிருந்தால், "இது ஒன்றுமில்லை, மீட்டர் பார்க்க வருகிறார்கள்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வருட அறிக்கையில் 'வீடு பெற்றவர்கள்' எண்ணிக்கையில் அவரும் ஒருவர். பொய்க் கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது, வீடு கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்த எண்ணை நான் இன்று வரைக்கும் மறக்கவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அனுபவமா என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். பிறகு படிக்கத் தொடங்கியபோது, எனக்கு முன்பே பலர் இதே இடத்தில் தடுக்கி விழுந்து, அதற்கு வழியும் கண்டுபிடித்து வைத்திருப்பது தெரிந்தது. நியூயார்க்கில் ஃபோர்ட் வாஷிங்டன் ஆர்மரி என்ற ராணுவக் கட்டடத்தை ஆண்களுக்கான இரவுக் காப்பகமாக மாற்றியிருந்தார்கள். அங்கே மனநலச் சிகிச்சை தந்துகொண்டிருந்த எஸ்ரா சஸ்ஸர் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும், காப்பகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் திரும்பத் திரும்பக் காப்பகத்துக்கே வருவதைக் கவனித்தார்கள். வீடு கிடைத்த முதல் சில மாதங்கள்தான் ஆபத்தானவை என்று புரிந்தது. எனவே ஒன்பது மாதத் துணை ஒன்றை வடிவமைத்தார்கள். முதல் மூன்று மாதம் அடிக்கடி போய்ப் பார்ப்பது. அடுத்த மூன்று மாதம் கொஞ்சம் விலகி நின்று, அவர் எதைத் தானாகச் செய்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று கவனிப்பது. கடைசி மூன்று மாதம் அவரை மருத்துவரிடமோ, உறவினரிடமோ, அக்கம்பக்கத்து ஆதரவிடமோ முறையாக ஒப்படைத்துவிட்டு விடைபெறுவது.

96 ஆண்களை வைத்து இதைச் சோதித்து, 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் தங்க இடம் கிடைத்திருந்தது. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக இந்த ஒன்பது மாதத் துணை. 18 மாதக் கணக்கில், துணை கிடைத்தவர்கள் வீடில்லாமல் கழித்த இரவுகள் சராசரியாக 30. வழக்கமான சேவை மட்டும் கிடைத்தவர்களுக்கு 91. அந்த 61 இரவு வித்தியாசத்தை உண்டாக்கியது, கதவைத் தட்டிய ஆள்.

உங்களில் சிலர் இங்கே ஒரு கேள்வி கேட்பீர்கள்: முதலில் அவர்களைத் தயார்படுத்திவிட்டு, குடியை விட்ட பிறகு, மருந்து ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு வீடு கொடுத்தால் இந்தத் துணையே தேவைப்படாதே? கூட்டங்களில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பல அமைப்புகள் இன்றும் படிக்கட்டுப் போல்தான் வைத்திருக்கின்றன. முதலில் இரவுக் காப்பகம், ஒழுங்காக இருந்தால் தற்காலிகத் தங்குமிடம், அங்கேயும் தேறினால் சொந்தமாக ஓர் அறை. ஒரு படியில் வழுக்கினால் மீண்டும் கீழே. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நாற்பது பேர் படுக்கும் கூடத்தில், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அரைத் தூக்கம் தூங்குகிறவரிடம், வீட்டுக்குள் இருப்பவர்களுக்கே கஷ்டமான ஒழுக்கத்தை எதிர்பார்க்கிறோம். மாத்திரையை எங்கே வைப்பார்? மருத்துவர் கொடுத்த தேதியை எதில் குறித்துவைப்பார்?

1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் 'பாத்வேஸ் டு ஹவுசிங்' என்ற அமைப்பைத் தொடங்கி இந்தப் படிக்கட்டையே தலைகீழாக்கினார். தெருவில் இருக்கும், தீவிர மனநோய் உள்ள, பலசமயம் போதைப் பழக்கமும் உள்ளவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே வாடகை வீடு. குடியை விட வேண்டும், சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இன்று 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்', அதாவது 'முதலில் வீடு' என்று உலகம் முழுக்கச் சொல்லும் முறை அங்கிருந்து வந்ததுதான். 2000-இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுக் காலத்தில் அந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் 88 சதவீதம் பேர் வீட்டைத் தக்கவைத்திருந்தார்கள். அதே நகரத்தின் படிக்கட்டு முறையில் இருந்தவர்களில் 47 சதவீதம்.

இந்த எண்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நிதி கேட்டு எழுதும் எல்லா விண்ணப்பத்திலும் நாங்களே எழுதுகிறோம். நாங்கள் எழுதாமல் விடுவது இன்னொன்று. செம்பெரிஸ் நிபந்தனையே போடவில்லை என்று சொல்வது சரியில்லை. இரண்டு போட்டார். வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகைக்குத் தர வேண்டும், ஊழியர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கச் சம்மதிக்க வேண்டும். அந்த இரண்டாவது நிபந்தனைதான் நம் பக்கத்தில் காணாமல் போய்விட்டது. 'முதலில் வீடு' என்ற பெயரில் 'முதலில்' என்ற சொல் இருப்பதையே மறந்துவிட்டோம். முதலில் என்று சொன்னால் அதற்குப் பின்னால் ஏதோ வர வேண்டும், இல்லையா?

கனடா இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. 2009 முதல் 2013 வரை வான்கூவர், வினிபெக், டொரண்டோ, மொன்றியால், மாங்க்டன் ஆகிய ஐந்து நகரங்களில், 2,000-க்கும் மேற்பட்டவர்களுடன், 11 கோடி கனடிய டாலர் செலவில். ஆய்வின் கடைசி ஆறு மாதத்தில், முதலில் வீடு பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் முழு நேரமும் வீட்டில் இருந்தார்கள். வழக்கமான சேவையை நம்பியிருந்தவர்களில் 31 சதவீதம். அங்கே ஒரு களப்பணியாளருக்கு எத்தனை பேர் தெரியுமா? தேவை மிக அதிகமானவர்கள் என்றால் 10 பேர், மிதமானவர்கள் என்றால் 16 பேர். எங்கள் அமைப்பில் ஒரு கட்டத்தில் என் பட்டியலில் 53 பேர் இருந்தார்கள். 53 பேரைப் பார்த்துக்கொள்ள முடியாது. 53 பேருடைய தொலைபேசி எண்ணை வைத்துக்கொள்ள முடியும், அவ்வளவுதான்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆய்வில், வீடும் துணையும் கிடைத்தும் அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட வீட்டில் இல்லாதவர்கள் 16 சதவீதம். எல்லோருக்கும் பலிக்கும் மருந்து இது என்று நான் சொல்ல மாட்டேன். செலவு விஷயமும் அப்படித்தான். மருத்துவமனை, காவல்துறை, காப்பகம் என்று மாறி மாறிப் போய் அதிகமாகச் செலவு வைத்த 10 சதவீதம் பேரிடம், போட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும் 21.72 டாலர் மிச்சமானது. மற்றவர்களிடம் அப்படி லாபம் வரவில்லை. போட்டதில் ஒரு பகுதிதான் திரும்பியது. நன்கொடையாளர்களிடம் 'வீடு கொடுத்தால் பணம் மிச்சம்' என்று மட்டுமே சொல்லிப் பழக்கியிருக்கிறோம். அது எங்கள் பிழை. சிலரிடம் மிச்சமாகாது. அவர்களுக்கும் வீடு வேண்டும்.

வீடில்லாதவர்களின் எண்ணிக்கையைக் குறைத்த நாடு என்று பின்லாந்தைப் பற்றிக் கூட்டங்களில் நீங்களே எடுத்துச் சொல்கிறீர்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம். அங்கே இந்த வேலையின் முதுகெலும்பு 'ஒய்' அறக்கட்டளை என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. நகராட்சிகள், செஞ்சிலுவைச் சங்கம், திருச்சபை, கட்டுமானத் துறையினர் எல்லோரும் கைகோத்து 1985-இல் தொடங்கினார்கள். 'தனியாள்' என்று பொருள்படும் பின்னிஷ் சொல்லின் முதல் எழுத்துதான் அந்த 'ஒய்'. சாதாரண அடுக்குமாடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லாதபடி. 2008-இல் அரசு தேசியத் திட்டமாக இதைக் கையிலெடுத்தபோது, அறக்கட்டளைக்கு இருபது வருடத்துக்கும் மேலான அனுபவம் இருந்தது.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திவந்த ஒரு காப்பகத்தில் 250 படுக்கைகள் இருந்தன. அதைப் பிரித்து 81 தனி வீடுகளாக்கினார்கள், 2012-இல் வேலை முடிந்தது. 250 எங்கே, 81 எங்கே! எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நிர்வாகக் குழு அந்தக் கோப்பில் கையெழுத்தே போட்டிருக்காது. ஆனால் அந்த 81 வீட்டிலும் குடியிருப்பவர் பெயரில் ஒப்பந்தம் இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, கட்டடத்திலேயே ஊழியர்கள் இருந்தார்கள். காப்பகம் மூடினாலும் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலையை மாற்றிக் கொடுத்தார்கள். ஹெல்சிங்கியில் 1985-இல் 2,000-க்கும் மேல் இருந்த விடுதிப் படுக்கைகள் 2016-இல் 52 ஆகக் குறைந்தன.

அந்தக் கதையிலும் ஒரு பின்குறிப்பு இருக்கிறது. பின்லாந்தில் வருடக்கணக்காக இறங்கிவந்த வீடில்லாதவர்களின் எண்ணிக்கை 2024-இல் மீண்டும் ஏறியது. அரசு வீட்டு உதவித்தொகையில் கைவைத்ததுதான் காரணம் என்று அங்குள்ள அமைப்புகள் சொல்கின்றன. கட்டடங்கள் அப்படியேதான் இருக்கின்றன. வீட்டுக்குள் இருப்பவரைத் தாங்கிய கைகளில் ஒன்றை எடுத்தார்கள்.

இப்போது உள்ளூர எனக்கு மிகவும் உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். கதவைத் தட்டுகிறவரின் சம்பளத்தை உங்கள் கணக்கில் எந்தத் தலைப்பின் கீழ் போடுகிறீர்கள்? பெரும்பாலும் 'நிர்வாகச் செலவு'. முன்பணம், வாடகை, கட்டில், போர்வை எல்லாம் 'நேரடி உதவி'. பிறகு நிர்வாகச் செலவை இவ்வளவு சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்று நன்கொடையாளர் கேட்கிறார், நீங்களும் வைத்துக் காட்டுகிறீர்கள். எது வெட்டப்படும் என்று சொல்லவே வேண்டாம். அந்த மின்சாரக் கடிதத்தைப் படித்துச் சொல்லும் ஆள் வெட்டப்படுகிறார். தயவுசெய்து அந்தச் சம்பளத்தை 'வீடு' என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள். கூரைக்கும் சுவருக்கும் பணம் கொடுப்பதுபோல இதற்கும் கொடுங்கள்.

நன்கொடையாளர்களே, உங்கள் பணம் போர்வையாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க விரும்புவது நல்ல குணம். ஆனால் வருடாவருடம் அதே ஆளுக்கு அதே போர்வையைக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா? ஒரு பெண்மணிக்கு நான் மூன்று வருடம் தொடர்ந்து போர்வை கொடுத்திருக்கிறேன். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷமும் நீங்கதானே வருவீங்க?" என்று அன்பாகத்தான் கேட்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வீட்டு உரிமையாளர்களிடம் பேசும்போதும் சுற்றிச் சுற்றி இதே இடத்துக்குத்தான் வருகிறது. எங்கள் ஆட்களுக்கு வீடு கொடுக்க மாட்டார்கள் என்று பொதுவாக ஒரு பேச்சு இருக்கிறது. என் அனுபவத்தில், பாதிப் பேர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "ஏதாவது பிரச்சினை என்றால் நான் யாருக்குப் போன் செய்வது?" வாடகை உத்தரவாதம்கூட இரண்டாவதுதான். அந்த எண்ணை எடுத்துப் பேச ஒருவர் இருந்தால், அவர் அன்றே நேரில் வந்தால், உரிமையாளரே தன் இரண்டாவது வீட்டையும் கொடுக்கிறார். ஓர் உரிமையாளர் எங்களுக்கு அப்படி நான்கு வீடு வரைக்கும் கொடுத்தார். பிறகு ஒரு தடவை குழாய் உடைந்து தண்ணீர் கீழ் வீட்டுக்கு இறங்கியபோது, எங்கள் எண் மூன்று நாள் அணைந்துகிடந்தது. பணியாளர் ஒப்பந்தம் முடிந்து போயிருந்தார், அந்த எண்ணும் அவரோடு போயிருந்தது. அடுத்த மாதம் நான்கு வீடும் போயிற்று. நான்கு குடும்பத்துக்கு நான் போய்ச் சொன்னேன்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகுதான் நம் அமைப்புகளின் கதவு திறக்கிறது. இரண்டு குழந்தைகளோடு ஒரு தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு மாத வாடகை பாக்கி. மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். அவர் கேட்டது கடன்தான். எங்கள் விதிப்படி அவர் இன்னும் வீடில்லாதவர் ஆகவில்லை, அதனால் உதவ முடியாது என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை என் வாயால் சொன்னேன். அடுத்த மாதம் அவர் தகுதி பெற்றார். குழந்தைகளோடு விடுதியில் ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதச் செலவில் அவருடைய பாக்கியைப் பலமுறை கட்டியிருக்கலாம். பெரியவன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருக்கவும் மாட்டான்.

சிகாகோவில் இதை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. அங்கே வாடகை நெருக்கடியில் இருப்பவர்கள் ஓர் எண்ணுக்கு அழைத்தால் ஒரே ஒரு முறை பண உதவி கிடைக்கும். ஆனால் நிதி சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. அதாவது உதவி கிடைப்பதும் கிடைக்காததும் நீங்கள் எந்த நாளில் அழைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நிதி இருந்த நாளில் அழைத்தவர்களையும் இல்லாத நாளில் அழைத்தவர்களையும் ஒப்பிட்டு 2016-இல் முடிவு வெளியானது. நிதி இருந்த நாளில் அழைத்தவர்கள் அடுத்த ஆறு மாதத்துக்குள் காப்பகத்துக்குப் போகும் வாய்ப்பு 76 சதவீதம் குறைவு. ஒரே நெருக்கடி, ஒரே தொலைபேசி எண், வேறு வேறு நாள். அந்தத் தாய் எங்களிடம் எந்த நாளில் வந்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. எங்களிடம் அப்படியொரு நிதியே கிடையாது.

கையில் பணம் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடுவார்கள் என்ற பயம் கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு வரும். வான்கூவரில் 2018-இல் ஒரு தொண்டு அமைப்பு 50 பேருக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் ஆளுக்கு 7,500 கனடிய டாலர் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தது. பணம் பெறாதவர்களோடு ஒப்பிட்டால், ஒரு வருடத்தில் அவர்கள் வீடில்லாமல் இருந்த நாட்கள் 99 குறைந்தன. மதுவுக்கும் போதைக்கும் செலவிட்டது கூடவில்லை. தீவிரப் போதைப் பழக்கமோ மனநலச் சிக்கலோ உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் பட்டியலில் இருப்பவர்களில் அந்தச் சிக்கல் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று நாம் எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? வேலை போய், வாழ்க்கைத்துணை போய், உடம்பு முடியாமல் போய் வாடகை கட்ட முடியாதவர்கள் அதில் நிறைய உண்டு. எல்லோரையும் ஒரே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறோம்.

நம்முடைய சொற்களைப் பற்றியும் கொஞ்சம். 'பயனாளி' என்று எழுதுகிறோம். எங்கள் படிவம், அறிக்கை, பதாகை எல்லாவற்றிலும் அதுதான். வாடகை கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, குப்பையை வெளியே வைத்து, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் போட்டுக்கொண்டு வாழ்கிறவருக்கு நம் மொழியில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. குடித்தனக்காரர். அந்தச் சொல்லில் ஒரு நிமிர்வு இருக்கிறது. அடுத்த அறிக்கையில் அதை எழுதிப் பாருங்கள். எண்ணிக்கையை எடுக்கும் விதமும் அதோடு மாறும் என்று நினைக்கிறேன். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதற்குப் பதிலாக, ஒரு வருடம் கழித்தும் எத்தனை பேர் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று எழுத வேண்டிவரும். முதல் வருடம் அந்த எண் அழகாக இருக்காது. பரவாயில்லை, வெளியிடுங்கள். இதைப் பார்த்து நன்கொடையை நிறுத்தும் ஒருவர் இருந்தால், அவரோடு நானே வந்து பேசுகிறேன்.

சரி, நான் கேட்பது என்ன? ஒவ்வொரு வீட்டோடும் குறைந்தது ஒன்பது மாதத் துணைக்கான பணத்தைச் சேர்த்தே ஒதுக்குங்கள். அது இல்லாவிட்டால் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து வீடு கொடுத்து ஆறு பேர் திரும்பி வருவதைவிட ஏழு வீடு கொடுத்து ஏழு பேரும் தங்குவது மேல். வாடகை பாக்கிக்கென்று சிறியதாக ஒரு நிதியைத் தனியாக வையுங்கள், வருடம் முழுக்க வற்றாமல் இருக்கும்படி. அப்புறம், திட்டம் முடிந்தாலும் பணியாளர் மாறினாலும் மாறாத ஒரு தொலைபேசி எண். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அடுத்த வாரமே செய்யலாம்.

அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று உங்களில் ஒருவர் போன கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான். பிரிட்டனில் 'ஷெல்டர்' என்ற தொண்டு அமைப்பு 1966-இல் தொடங்கியது. அந்த அமைப்பும் அதுபோன்ற மற்றவையும் வருடக்கணக்காகக் கொடுத்த அழுத்தத்தில், வீடில்லாதவர்களுக்கு இடம் தரும் பொறுப்பை உள்ளாட்சிகளின் மேல் வைத்த சட்டம் 1977-இல் வந்தது. அரசிடம் போய்ச் சட்டமாகக் கேட்க வேண்டும் என்றால், இப்படிச் செய்தால் வீடு நிலைக்கிறது என்று காட்ட நம் கையில் ஒன்று இருக்க வேண்டும். நாம் சிறியவர்கள்தான், ஆனால் அதைக் காட்டுவதற்குச் சிறியவர்களாக இருந்தாலே போதும்.

மின்சாரக் கடிதத்துக்குப் பயந்து போனவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அவருக்கு மீண்டும் ஓர் அறை கிடைத்தது, இந்த முறை நான் விடவில்லை. சம்பளம் இல்லாத நாட்களிலும் போனேன். இப்போது கட்டிலில் படுக்கிறார். செருப்பு கதவுக்கு வெளியே இருக்கிறது. வரும் கடிதங்களை எல்லாம் பிரிக்காமல் ஒரு டப்பாவில் போட்டுவைத்து, நான் போனதும் எடுத்து நீட்டுவார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வேன். போன மாதம் ஒரு கடிதத்தை அவரே பிரித்து வைத்திருந்தார்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் என்னோடு வாருங்கள். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மாலைக்குள் ஏழு வீடு பார்க்கலாம். புகைப்படக்காரர் வேண்டாம், பரிசுப் பொருள் எதுவும் வேண்டாம். அவருடைய வீடு கடைசியில் வரும். முதல் தடவை தட்டியதும் திறக்க மாட்டார். கொஞ்ச நேரம் நின்று, உங்கள் பெயரைச் சொல்லி இன்னொரு முறை தட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் களப்பணியாளர்களில் ஒருவன்